லாமேக்கின் காயமும் மனைவியரின் மௌனமும்
(நூல் திறனாய்வு)

ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தில் லாமேக்கு தன் மனைவியர் ஆதாள், சில்லாள் இருவரையும் அழைத்துத் தன் சொல்லுக்குச் செவிகொடுக்கும்படி கட்டளையிடுகிறான். தன்னைக் காயப்படுத்தியவனைத் தான் கொன்றுவிட்டதாக அறிவிக்கிறான். காயீனுக்காகச் சுமரும் பழி ஏழு மடங்கு என்றால் தனக்காகச் சுமருவது எழுபத்தேழு மடங்கு என்று பெருமை பேசுகிறான். அவனுக்குக் காயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அக்காயத்தைப் பற்றிய பேச்சு வீட்டினுள் நுழையும்போது அச்சுறுத்தலாகவே நுழைகிறது. அதைக் கேட்ட பெண்கள் என்ன மறுமொழி கூறினர் என்பதைத் திருமறை எழுதி வைக்கவில்லை.

இப்பகுதியை நம் நினைவுக்குக் கொண்டுவந்தது, கேசி டாஃப்ட், கிறிஸ்டோபர் மர்ஃபி, சுசானா கிரீச் ஆகிய மூவர் எழுதி, அமெரிக்க உளவியல் கழகம் 2016-இல் வெளியிட்ட ஒரு நூல். வாழ்க்கைத் துணையின் மீது இழைக்கப்படும் வன்முறையை, உளக்காயத்தைப் பற்றிய அறிவோடு எவ்வாறு குணப்படுத்துவது, எவ்வாறு தடுப்பது என்பதே அதன் பொருள். போர்முனையிலிருந்து திரும்பி, வீட்டில் மனைவியை அடிக்கும் ஆண்களைச் சிறு குழுக்களாகக் கூட்டி நடத்தப்படும் சிகிச்சை முறையை அந்நூல் விளக்குகிறது. இது மருத்துவருக்கும் உளவியலாருக்கும் எழுதப்பட்ட நூல். ஆயர்களை அது மனத்திற் கொள்ளவில்லை. எனினும் அதில் பேசப்படும் ஆண்கள் நம் ஆலயங்களிலும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய மனைவியர் அதே ஆலயத்தின் மறுபக்கத்தில் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே இறையியல் மாணவரும் அருட்பணியாளரும் இந்நூலை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பதை ஆராய்வது பயனுடையது என எண்ணினோம்.

1. இரண்டு நீரோட்டங்கள்

இந்நூலின் பின்னே இரு வேறு இயக்கங்கள் உள்ளன. அவற்றை அறியாமல் இதன் அருமையையும் குறையையும் எடைபோட இயலாது.

முதலாவது, போர்வீரரின் குழுக்கள். வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர் சிலர் 1970-ஆம் ஆண்டளவில் நியூயார்க் நகரில் சிறு குழுக்களாகக் கூடித் தாங்கள் கண்டதையும் செய்ததையும் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கினர். ராபர்ட் ஜே லிஃப்டன், ஹைம் ஷாட்டன் ஆகிய மனநல மருத்துவர் இருவர் அவர்களோடு அமர்ந்து செவிகொடுத்தனர். இத்தகைய முயற்சிகளின் விளைவாக, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவக் கழகம் தன் நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் அதிர்ச்சிக்குப் பின்வரும் மன அழுத்த நோயைச் சேர்த்தது. அதுவரை கோழைத்தனம் என்றோ குணக்கேடு என்றோ இகழப்பட்டது, காயம் என்று பெயர் பெற்றது.

இரண்டாவது, பெண்களின் இயக்கம். அடிபட்ட பெண்களுக்கு அடைக்கல இல்லங்களை நடத்தியவர்கள், அடிக்கும் ஆண்களையும் யாராவது எதிர்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தினர். 1977-இல் பாஸ்டன் நகரில் ‘எமெர்ஜ்’ என்னும் அமைப்பு இப்பணியைத் தொடங்கியது. 1981-இல் மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரில் காவல்துறை, நீதிமன்றம், பெண்கள் அமைப்புகள் யாவும் இணைந்த திட்டம் ஒன்று எழுந்தது. எலன் பென்ஸ், மைக்கேல் பேமர் ஆகியோர் அதன் ஆண்கள் குழுக்களுக்குப் பாடத்திட்டம் வகுத்தனர். அடிபட்ட பெண்கள் கூறியவற்றைக் கொண்டே 1984-இல் ‘அதிகாரமும் கட்டுப்பாடும்’ என்னும் சக்கரப் படம் வரையப்பட்டது. வன்முறை நோயன்று, மனைவியைத் தன் கைக்குள் வைத்திருக்க ஆண் கையாளும் வழி என்பதே டுலூத் திட்டத்தின் அடிப்படை.

முதல் இயக்கம் ஆணின் காயத்தைக் கேட்டது. இரண்டாம் இயக்கம் ஆணின் அதிகாரத்தைக் கண்டது. பல ஆண்டுகளாக இவ்விரண்டும் ஒன்றையொன்று ஐயத்தோடு நோக்கி வந்தன. காயம் என்று பேசினால் குற்றம் மறைந்துவிடும் எனப் பெண்கள் அமைப்புகள் அஞ்சின. குற்றம் என்றே பேசினால் ஆண் உள்ளத்தைப் பூட்டிக்கொள்வான் என மருத்துவர் கருதினர். இதற்கிடையில், 2004-இல் ஜூலியா பாப்காக்கும் அவருடைய தோழரும் 22 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நோக்கியபோது, அடிக்கும் ஆண்களுக்கென நடத்தப்பட்ட திட்டங்களால் விளைந்த மாற்றம் மிகச் சிறிதே எனத் தெரியவந்தது. இந்தச் சோர்வின் நடுவிலேயே நம் நூல் பிறந்தது.

2. நூல் கூறும் வழி

கேசி டாஃப்ட் முன்னாள் போர்வீரருக்கான அமெரிக்க அரசு மருத்துவத் துறையில் உருவாக்கிய முறைக்கு ‘ஸ்ட்ரெங்த் அட் ஹோம்’, அதாவது இல்லத்தில் வலிமை, என்று பெயர். வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம், பன்னிரண்டு அமர்வுகள். முதலில் வன்முறை எது, அதன் விளைவு எது, உளக்காயம் மனிதனுள் என்ன செய்கிறது என்பவை கற்பிக்கப்படுகின்றன. அடுத்து, பூசல் முற்றும் வேளையில் விலகி நிற்கும் பழக்கம். பின்னர், மனத்தில் எழும் எண்ணங்களைச் சோதித்தலும் அழுத்தத்தைத் தாங்குதலும். இறுதியில், உணர்வைச் சொல்லால் உரைத்தலும் பிறர் சொல்வதைக் கேட்டலும். நம்பிக்கை, தன்மதிப்பு, அதிகாரம், குற்றவுணர்வும் வெட்கமும் ஆகியவை எல்லா அமர்வுகளிலும் ஊடாடும் கருப்பொருள்கள்.

இதன் அடிப்படைக் கருத்து எளியது. போர்முனையில் உயிர் பிழைக்க உதவிய பழக்கமே வீட்டில் நாசம் விளைவிக்கிறது. அங்கே ஒவ்வோர் ஓசையையும் பகைவனின் ஓசையாக எண்ணியவனே பிழைத்தான். இங்கே மனைவி மௌனமாயிருந்தால் அது ஏளனமாகத் தோன்றுகிறது; அவள் கேள்வி கேட்டால் அது தாக்குதலாகத் தோன்றுகிறது. இவ்வாறு தவறாகப் பொருள்கொள்ளும் அந்தக் கணத்தை அவன் தானே கண்டுகொள்ளும்படி குழு அவனுக்குக் கற்பிக்கிறது.

இம்முறை சோதனைக்கும் உட்படுத்தப்பட்டது. போர்வீரரும் முன்னாள் வீரருமாகிய 135 ஆண்கள் அதில் பங்கேற்றனர். அவர்களுடைய துணைவியருள் 111 பேரும் தகவல் அளித்தனர். வேறு சேவைகளுக்கு வழிகாட்டப்பட்டுக் கண்காணிக்கப்பட்டவர்களைவிட, இக்குழுவில் சேர்க்கப்பட்டவர்களிடம் உடல்வகை வன்முறையும் உளவகை வன்முறையும் கூடுதலாகக் குறைந்தன என 2016-இல் வெளிவந்த முடிவுகள் காட்டின.

3. நாம் போற்றுவன

இந்நூலில் மூன்று காரியங்கள் நம் பாராட்டுக்குரியன.

ஒன்று, காரணம் வேறு, சாக்கு வேறு என்பதில் இம்முறை உறுதியாக நிற்கிறது. வியட்நாம் வீரரைப் பற்றி 1992-இல் வெளியான ஆய்வொன்றில், அதிர்ச்சி நோயுற்றவருள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் முந்திய ஓராண்டுக்குள் துணைவியின் மீது கை ஓங்கியிருந்தனர். அந்நோயற்றவரிடம் காணப்பட்ட அளவைப்போல் இது இரு மடங்குக்கும் மேலாகும். ஆகவே காயத்துக்கும் வன்முறைக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால், நோயுற்றவருள் மூன்றில் இரு பங்கினர் அவ்வாறு செய்யவில்லை. காயப்பட்டவர் யாவரும் அடிப்பவர் அல்லர். ஆதலால் அடிப்பவன் தன் செயலுக்குத் தானே பொறுப்பாளி.

இரண்டு, குழு என்னும் அமைப்பு. ஆயரிடமோ மருத்துவரிடமோ தனியே பேசும் ஆண், தன் கதையைத் தனக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ள முடியும். அதே போர்முனையைக் கண்ட மற்றவர்கள் முன் அது எளிதன்று. ‘நானும் அங்கே இருந்தேன், உன் மனைவி அங்கே இல்லையே’ என்று ஒரு தோழன் கூறுவதை அவன் தள்ளிவிட இயலாது.

மூன்று, மனமாற்றத்தைப் பற்றி இந்நூல் பொதுப்படப் பேசாமல், இன்று இரவு என்ன செய்வது என்று கேட்கிறது. லூக்கா மூன்றாம் அதிகாரத்தில் போர்ச்சேவகர் யோவான் ஸ்நானகனிடம் வந்து தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று வினவுகின்றனர். அவன் அவர்களுக்கு நீண்ட போதனை அளிக்கவில்லை. யாருக்கும் இடுக்கண் செய்யாதிருக்கவும், சம்பளமே போதுமென்று இருக்கவும் சொல்லி அனுப்புகிறான். மனந்திரும்புதலின் கனி கைகளின் செயலில் காணப்பட வேண்டும் என்பதை நம் பிரசங்கங்கள் பல வேளைகளில் மறந்துவிடுகின்றன. இந்த உளவியல் நூல் மறக்கவில்லை.

4. நாம் எழுப்பும் வினாக்கள்

எனினும் இந்நூலோடு நாம் முற்றிலும் உடன்பட இயலவில்லை.

முதல் வினா, சோதனையைப் பற்றியது. இம்முறை, சேவைகளுக்கு வழிகாட்டுதலோடுதான் ஒப்பிடப்பட்டது. டுலூத் முறையைப் போன்ற மற்றொரு குழுவோடு ஒப்பிடப்படவில்லை. எனவே காயத்தைப் பற்றிய போதனைதான் பயன் தந்ததா, அல்லது வாரந்தோறும் கூடி நேர்மையாகப் பேசிய எந்தக் குழுவும் அப்பயனைத் தந்திருக்குமா என்பது தீர்க்கப்படவில்லை. குழு முடிந்தபின் மூன்று திங்கள் வரையே நிலைமை நோக்கப்பட்டது. ஒரு மணவாழ்க்கையின் அளவில் மூன்று திங்கள் சிறிய காலம்.

இரண்டாம் வினா இதனினும் ஆழமானது. எங்கும் பகைவனைக் காண்பதே இம்மனிதனின் நோய் என்றால், அவன் தன் மேலதிகாரியை ஏன் அடிப்பதில்லை? கடைக்காரரை, ஆயரை, வங்கி அலுவலரை ஏன் அடிப்பதில்லை? அவர்களும் அவனைச் சினமூட்டுகிறார்களே. சிலர் தெருவிலும் சண்டையிடுவர் என்பது உண்மை. ஆனால் தெருவில் சாந்தமாயிருந்து, கதவைத் தாழிட்டபின் மட்டும் கை ஓங்குகிறவர் பலர். காயம் கொந்தளிப்பைத் தருகிறது. அக்கொந்தளிப்பை யார்மேல் கொட்டலாம் என்பதைக் காயம் கற்பிக்கவில்லை. அதைக் கற்பித்தது வேறொரு பள்ளி. வீடும், ஊரும், திருச்சபையும் சேர்ந்து நடத்தும் பள்ளி அது. எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை நாம் திருமண ஆராதனைகளில் வாசிக்கும்போது, ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லும் இருபத்தோராம் வசனத்தை விட்டுவிட்டு, மனைவியரைக் கீழ்ப்படியச் சொல்லும் அடுத்த வசனத்திலிருந்து தொடங்குவதை எத்தனை முறை செய்திருக்கிறோம்! இந்நூல் விளக்கும் முறையில் அதிகாரம் என்பது நான்கைந்து கருப்பொருள்களுள் ஒன்றாகவே நிற்கிறது. டுலூத் பெண்கள் கண்ட உண்மைக்கு இன்னும் பெரிய இடம் தரப்பட்டிருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

மூன்றாம் வினா, பெண்ணின் இடத்தைப் பற்றியது. எண்ணாகமம் முப்பத்தோராம் அதிகாரத்தில், மீதியானியரோடு போர்செய்து திரும்பிய வீரர் உடனே வீடு செல்ல மோசே அனுமதிக்கவில்லை. கொலை செய்தவனும் கொலையுண்டவனைத் தொட்டவனும் ஏழு நாள் பாளயத்துக்குப் புறம்பே தங்கித் தங்களைச் சுத்திகரிக்க வேண்டும். போருக்கும் வீட்டுக்கும் இடையே வீரனுக்கு ஓர் இடைவெளி தேவை என்பதைப் பண்டை இஸ்ரயேல் அறிந்திருந்தது. இக்காலக் குழுக்களுக்கு இதைவிடப் பொருத்தமான திருமறை முன்மாதிரி கிடைப்பது அரிது. ஆனால் அதே அதிகாரத்தில், சற்று முன்னதாக, சிறைப்பட்ட மீதியானியப் பெண்களுக்கு நேர்ந்ததை வாசிக்கும் எவரும் நடுங்காமல் இருக்க இயலாது. வீரருக்குச் சுத்திகரிப்பு உண்டு. அப்பெண்களுக்குக் கேட்கும் செவி இல்லை. ஆண்களைக் குணப்படுத்தும் எந்த ஏற்பாட்டுக்கும் இந்த இடறல் காத்திருக்கிறது. நூலாசிரியர்கள் இதை அறியாதவர் அல்லர். துணைவியரின் தகவலைக் கேட்டதே அதற்குச் சான்று. ஆயினும் அப்பெண்கள் இங்கே பெரும்பாலும் ஆணின் மாற்றத்துக்குச் சாட்சிகளாகவே தோன்றுகின்றனர். அவர்களும் காயப்பட்டவர்கள் என்பது பின்னணிக்குச் சென்றுவிடுகிறது.

5. நம்முடைய தவறு

இவ்வினாக்களை நாம் கல்லூரி நூலகத்திலிருந்து மட்டும் எழுப்பவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் கிராமச் சபை ஒன்றில் நாம் ஆயராகப் பணியாற்றியபோது, படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சபையில் இருந்தார். காணிக்கையில் தாராளமும் ஆராதனையில் ஒழுங்கும் உடையவர். அவர் மனைவி ஒருநாள் நம்மிடம் வந்து வீட்டில் நடப்பதைக் கூறினார். நாம் அன்று மாலையே அவரைச் சென்று கண்டோம். மனைவி கூறியதை அவரிடம் எடுத்துரைத்தோம். அவர் மறுக்கவில்லை. எல்லையில் தாம் கண்ட இரவுகளை விவரித்து அழுதார், நாமும் அழுதோம். இருவரையும் அருகருகே முழந்தாளிடச் செய்து ஜெபித்தோம். அவர் உள்ளம் உடைந்திருக்கிறது, பொறுமையாயிரும் என்று அந்த அம்மையாருக்கு அறிவுரை கூறித் திரும்பினோம். நல்ல ஆயராக நடந்துகொண்டோம் என்ற நிறைவு நமக்கு இருந்தது.

அடுத்த திருவிருந்து ஆராதனையில் அந்த அம்மையார் பாத்திரத்தை இடக்கையால் வாங்கினார். வலக்கை துணியால் கட்டப்பட்டிருந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகப் பெண்களிடம் சொல்லியிருந்தார். பின்னர் நாம் தனியே கேட்டபோது, “நீங்கள் வந்துபோன அன்று இரவுதான், ஐயா” என்று மட்டும் சொன்னார். அதன்பின் அவர் நம்மிடம் எதையும் சொல்லவில்லை.

நாம் அந்த ஆணின் காயத்தைக் கேட்டது தவறன்று. அவள் நம்மை நம்பிச் சொன்னதை அவன் காதில் போட்டதே தவறு. அவனுடைய கண்ணீரை மனந்திரும்புதல் என்று எண்ணியது தவறு. அவன் காயத்தைச் சுமக்கும் வேலையை அவள் தோளில் ஏற்றியது தவறு. இத்தகைய குழுக்களை நடத்துவோர், துணைவி கூறியதை அவள் இசைவின்றி ஆணிடம் வெளியிடலாகாது என்பதைக் கண்டிப்பான ஒழுங்காகக் கடைப்பிடிக்கின்றனர். அந்த ஒழுங்கைப் பற்றி வாசித்தபோது நம் கை புத்தகத்தின் மேல் நெடுநேரம் அசையாமல் இருந்தது.

6. திருச்சபைக்கு

இந்நூலை வாசித்துவிட்டு, நம் சபைகளில் ஆண்கள் ஐக்கியத்தை இத்தகைய சிகிச்சைக் குழுவாக மாற்றலாம் என்று யாரேனும் எண்ணினால், அதை நாம் வன்மையாகத் தடுப்போம். பயிற்சி பெறாதவர் நடத்தும் குழுவில் ஆண்கள் ஒருவர் சாக்கை மற்றவர் உறுதிப்படுத்துவது எளிது. ‘ஐயர் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறேன்’ என்பதே மனைவியின் வாயை அடைக்கும் புதிய ஆயுதமாகவும் ஆகலாம். தகுதியுள்ள மனநலப் பணியாளரும், பெண்ணின் பாதுகாப்பைக் கவனிக்கத் தனி ஏற்பாடும் இல்லாத இடத்தில் இம்முறையைக் கையாளலாகாது.

ஆனால் ஆயர் செய்யக்கூடியவை சில உள்ளன. அடிபடும் பெண்ணைத் தனியே சந்தித்தல். அவள் சொல்வதை அவள் அனுமதியின்றி எங்கும் கொண்டுசெல்லாதிருத்தல். அச்சம் நிலவும் வீட்டில் இருவரையும் ஒன்றாக இருத்தி ஆலோசனை கூறாதிருத்தல். மன்னிப்பைப் பற்றிப் பேசுமுன் பாதுகாப்பைப் பற்றிப் பேசுதல். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபர் முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. பாதுகாப்பு அலுவலர் என ஒருவர் உண்டு என்பதையும், 181 என்னும் உதவி எண் உண்டு என்பதையும் ஒவ்வோர் ஆயரும் அறிந்திருக்க வேண்டும். அச்சட்டப்படி நீதித்துறை நடுவர் ஆற்றுப்படுத்தலுக்கும் ஆணையிடலாம். அதற்கென 2006-இல் வகுக்கப்பட்ட விதிகள், ஆற்றுப்படுத்தலின்போது எதிர்மனுதாரர் தம் வன்முறையை எவ்வகையிலும் நியாயப்படுத்த அனுமதியில்லை என்றும், அதைத் தொடக்கத்திலேயே அவருக்கு அறிவிக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. நம் ஆயரகங்களில் நடக்கும் ஆலோசனைக்கு இவ்வளவு தெளிவான விதி ஒன்று உண்டா என்று நம்மையே கேட்டுக்கொள்ளுதல் நலம்.

காயப்பட்ட ஆண்களையும் நாம் கைவிடலாகாது. 2009 வரை நீண்ட போரைக் கண்ட இலங்கைத் தமிழ்ச் சபைகளிலும், படைவீரர் குடும்பங்கள் வாழும் நம் ஊர்களிலும் பேசப்படாத இரவுகளைச் சுமந்து திரியும் ஆண்கள் உண்டு. அவர்களை மருத்துவரிடம் அனுப்புவதும், அவர்களோடு நடப்பதும் அருட்பணியே. ஆனால் இரு பணிகளையும் ஒரே ஆயர் ஒரே நாற்காலியில் அமர்ந்து செய்ய முயல்வது ஆபத்தானது. அவளுக்கு ஒருவர், அவனுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ள நம் சபைகள் கற்க வேண்டும். அதற்குப் பெண் அருட்பணியாளரின் பங்கு இன்றியமையாதது.

இறையியல் மாணவர்கள் இந்நூலை வாசிக்க வேண்டும் என்பது நம் பரிந்துரை. காயம் மனிதனுள் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் கூறும் நூல்கள் அரிது. ஆயினும் அதை டுலூத் பெண்களின் சாட்சியத்தோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். ஒருவன் குணமடைந்தான் என்று யார் சொல்வது என்னும் கேள்வியை ஒவ்வோர் அதிகாரத்தின் முடிவிலும் கேட்க வேண்டும். பன்னிரண்டு அமர்வுகளை முடித்தவனின் சாட்சியம் போதாது. அவனுக்காகக் கண்ணீர்விட்ட ஆயரின் சாட்சியமும் போதாது. லாமேக்கு பேசி முடித்தபின் ஆதாளையும் சில்லாளையும் தனியே கண்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டு, கேட்டதை நம்முள் வைத்துக்கொள்ளும் பணி நமக்கு எஞ்சியிருக்கிறது.